பேழைக்கு வெளியே நின்ற அக்கா

ஊசி போடுவதில் எனக்குக் கை லேசு என்று ஆம்பூரில் பலரும் சொல்வார்கள். சுந்தர்ராஜ் சாரும் சொல்வார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். கிளினிக்கில் என் நர்ஸ் வேலைக்கு முன்பும் பின்பும் அவர் வீட்டுக்குப் போய் இன்சுலின் போடுவேன். எட்டு வருடத்தில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அந்தக் கடைசி நான்கு நாட்களிலும் ஊசி போட்டேன், ஐயா.

அவர் எழுதி மெட்டமைத்த நாடகம் ‘நோவாவின் மருமகள்’. வசனமே கிடையாது, இருபத்திரண்டு பாட்டு. 1979 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாரமும் எங்கள் சர்ச் மைதானத்தில் நடக்கும். தோல் பதனிடும் டேனரி ஆட்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருவார்கள். கடைசிப் பாட்டில் பிரளய மழை பிடித்துக்கொள்ளும், நோவாவின் குடும்பம் ஏறிய பேழைக் கப்பலின் கதவு அடைபட்டிருக்கும். மருமகளின் அக்கா வெளியே நின்று தட்டுவாள். தங்கை உள்ளிருந்து பாடுவாள். கதவு திறக்காது. தட்டும் சத்தம் மெல்ல நிற்கும், விளக்கு அணையும். யாரும் கை தட்ட மாட்டார்கள். எழுந்து போகவும் மாட்டார்கள்.

பதினொரு வயதில் முதலில் பார்த்தேன். சார் இருந்தவரை மொத்தம் இருபத்தொரு தடவை. ஒரு முறை, நடிக்கட்டுமா என்று கேட்டேன். “நீ பாக்கறதுக்குன்னே பொறந்தவ, ரோஸு” என்றார் சார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

2000இல் அவருடைய பழைய மாணவர் இவான் அதைப் படமாக்கக் கேட்டு வந்தார். சென்னையில் சினிமா கற்றவர். எனக்கு அன்றிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சினிமாக்காரர்கள் எதை விட்டு வைப்பார்கள்? மூடிக் கிடந்த ஒரு டேனரியில் பேழை செட் போட்டபோது மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மரம் சரியாக இருந்தது. கதவு சரியாக இருந்தது. “ஒரு வரி மாத்த மாட்டேன்க்கா, பயப்படாதீங்க” என்றார் இவான். நல்ல பையன். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

படப்பிடிப்பு தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை சாருக்குக் காய்ச்சல். பேனா பிடிக்க முடியவில்லை. “பேப்பர் எடு, ரோஸு. கடைசிப் பாட்டு மாறுது. நான் சொல்றேன், எழுதிக்க” என்றார்.

எழுதினேன். மருமகள் கதவைத் திறக்கிறாள். அக்கா உள்ளே வருகிறாள்.

“இன்னா சார் இது, தொறந்தா வெள்ளம் உள்ள வந்துடுமே” என்றேன்.

“வரட்டும்” என்றார். பிறகு காரணம் சொன்னார். அவருடைய அக்கா வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்தவள். ஒரு மழை நாளில் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். அப்பா திறக்கக் கூடாது என்றார். இவர் பத்து வயதுப் பையன், தாழ்ப்பாள் பக்கத்திலேயே நின்றிருந்தார். அதன் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

“நாடகத்துலயும் வருஷா வருஷம் அவளை வெளியவே நிக்க வச்சிட்டேன். சினிமாலயாவது உள்ள கூப்ட்டுக்கறேன். வியாழக்கிழமை இவான் வருவான், அந்தப் பேப்பரைக் குடுத்துடு.”

அன்று வீட்டில் உட்கார முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நாலு தடவை நடந்தேன். யோசித்துப் பாருங்கள், ஐயா. ஊரே சேர்ந்து இருபத்தொரு வருடம் மௌனமாக உட்கார்ந்த இடம் அது. காய்ச்சலில் ஒருவர் சொன்னார் என்பதற்காக அதை விட்டுவிட முடியுமா? எழுதியது அவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் எப்போதும் மேடைக்குப் பின்னால்தான் நின்றார். ஒரு தடவைகூட முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை.

பேப்பரை அடுப்பில் போட்டேன். பேப்பர் போனால் போதாது, அவர் வாய் இருக்கிறதே. ஞாயிறு காலையிலிருந்து ஊசியில் வெறும் தண்ணீர்தான் போட்டேன். நிறையத் தாகம் என்றார். கேட்ட போதெல்லாம் குடிக்கக் கொடுத்தேன். புதன் காலை மூச்சில் அழுகின பழ வாசனை வந்தது. அது என்னவென்று எந்த நர்ஸுக்கும் தெரியும். போர்வையைச் சரி செய்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் போய்ப் பார்த்தபோது முடிந்திருந்தது.

காய்ச்சலும் வயசும் என்றார் டாக்டர். வேலூரிலிருந்து சாரின் மகள் கரோலின் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லன்னா அப்பா எப்பவோ போயிருப்பாருக்கா” என்று அழுதாள்.

படம் 2002இல் வந்தது. வேலூர் தியேட்டரில் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. விளக்கு போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

படம் வந்து மூன்று வருடம் கழித்து இப்போது ஏன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். வீட்டை வாடகைக்கு விடுவதற்காகக் கரோலின் போன வாரம் சாமான்களை ஒழித்தாள். டேப் ரிகார்டருக்குள் ஒரு கேசட். என்னிடம் சொல்வதற்கு முன்பே, சார் அந்தப் புதிய பாட்டைத் தம் குரலிலேயே பாடி வைத்திருக்கிறார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு மேடையில் கதவைத் திறக்கப் போகிறார்களாம். வேண்டாம் என்று கெஞ்சினேன். “அப்பா ஆசைக்கா” என்கிறாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வழக்கு என்றால் அந்தக் கேசட்டைச் சாட்சியாக நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் அல்லவா? வழக்கு முடியப் பல வருடம் ஆகும் என்கிறார்கள். டிசம்பருக்குள் எடுத்துவிடுங்கள், ஐயா, அது இல்லாமல் அவர்களால் அந்தப் பாட்டைப் பாட முடியாது. சார் இருந்திருந்தால் அவரே உங்களிடம் இதைத்தான் கேட்டிருப்பார்.