ஏரிக்கரைப் பள்ளிக்கூடம்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் போனில் சிரித்துக்கொண்டே பேசினார்.

"ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு எம் பையன அனுப்புவனா மச்சான்? கட்டுனதே நாந்தான! சிமெண்ட்டுல பாதிய வித்துதான மேல இருக்கறவங்களுக்குக் குடுத்தேன்."

அவருக்குப் பக்கத்து சீட்டுப் பெண் திரும்பினாள். "எம் பொண்ணு அங்கதாங்க படிக்கிறா."

அவர் போனை வைத்துவிட்டார். சிரிப்பு போய்விட்டது.

"எத்தனாவதும்மா?"

"மூணாவதுங்க."

"கதவுகிட்ட உக்காரச் சொல்லும்மா."

"மத்தப் புள்ளைங்க எங்கீங்க உக்காரும்?"

பாப்பிரெட்டிப்பட்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தவர், தலை குனிந்தபடி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

அந்தப் பெண் போன் போட்டாள்.

"டீச்சர், புள்ளைங்க எல்லாத்தையும் உடனே வெளிய கூட்டிட்டு வந்துருங்க. இல்லீங்க, புரளியில்ல. கட்டுனவரே சொல்லிட்டாருங்க."