சுதாவின் ஆடு

வத்தேகம போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சுதாவோட ஆட்ட ஓநாய் தின்னுடுச்சுன்னு வச்சிக்குவமா? அவதான் வர்றதில்லயே" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூடி, தாயக்கட்டை உருட்டி, ஒரு கற்பனை ராஜ்யத்தில் வாழ்கிறார்கள். அங்கே சுதா ஆடு வளர்க்கும் மந்திரக்காரி. அம்மா இறந்ததிலிருந்து அவள் விளையாட வரவேயில்லை.

"வேணாம்டி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். விளையாட்டை நடத்துகிறவள் அவள்தான். "ஓநாய்க்கு பதினோரு உயிரு, ஆட்டுக்கு நாலுதான். நான் அத சண்டைக்கே விடல. வாராவாரம் நானே புல்லு போடுறேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"எத்தன மெசேஜ் போட்டும் பதிலே இல்ல. போன வாரம் ஆடு குட்டி போட்டுச்சு. அத மட்டும் எழுதி அனுப்பினேன்."

"அதுக்கும் பதில் இல்லயா?"

அவள் போனைத் திறந்து நீட்டினாள். ஜன்னலோரத்தில் இருந்தவள் மெதுவாக வாசித்தாள்: "குட்டி என்ன நிறம்?"

பிறகு நிமிர்ந்து கேட்டாள். "நீ என்ன சொன்ன?"

"ஒன் ஆடு, நீதான் வந்து சொல்லணும்னேன். ஞாயித்துக்கெழம வர்றாளாம்."