மஸ்டரில் இல்லாத பேர்

அந்தி ஆறு மணி. அரியலூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகிற வண்டித்தடம். இரண்டு பக்கமும் வெள்ளைத் தூசி படிந்த கருவேல மரங்கள்... வேறு ஒன்றும் கிடையாது.

நெருங்கி உட்காருங்கள். ஒருதரம்தான் சொல்வேன். இத்தனை நாளும் என் மச்சானுக்கு நடந்ததாகச் சொல்லிவந்தேன். பொய். எனக்கு நடந்தது. நம்பினால் நம்புங்கள். நானும் மனுஷர்களை நம்பியவனில்லை. காகிதத்தைத்தான் நம்பினேன்.

நாற்பத்துமூன்றாம் வருஷம். அங்கே நான் மேஸ்திரி. படிப்பு இரண்டாம் வகுப்பு. மஸ்டர் நோட்டில் ஆள் பேரைப் படிக்க அது போதும். வெடி வைக்குமுன் எல்லாரும் பள்ளத்திலிருந்து ஏறிவர வேண்டும். பேர் கூப்பிடுவேன். "இருக்கேங்க" என்பார்கள். கடைசிக் குரலும் வந்ததும் கையைத் தூக்குவேன். திரியில் நெருப்பு வைப்பார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு உதவி தரவேண்டுமென்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ஆபீசில் எனக்குச் சொன்னது வேறு. வயிறு தெரிந்தால் பேரை அடித்துவிடு. பள்ளத்தில் கல் சுமந்த ஆண்டாயிக்கு எட்டு மாசம். அடித்தேன். காலைப் பிடித்தாள்.

"பேர அடிச்சுக்கங்க மேஸ்திரி. வேலய அடிச்சிறாதீங்க."

பேரில்லாமல் கல் சுமக்க விட்டேன். புண்ணியம் செய்வதாக நினைப்பு.

ஒரு சாயங்காலம் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பத்திரண்டு பேர் கூப்பிட்டேன். நாற்பத்திரண்டு குரல். கல் சுமக்கிற ரெங்கம்மாள் பின்னாலிருந்து என் துண்டை இழுத்தாள்.

"ஒரு ஆளு கொறையுது மேஸ்திரி... ஆண்டாயிக்கு மத்தியானத்துலேருந்து இடுப்பு வலி..."

"நோட்டுல சரியா இருக்குடி. வாய மூடு."

மேனேஜர் காதில் விழுந்துவிடுமே என்ற பயம். கீழே ஏதோ முனகல்... கேட்டது. எனக்குக் கேட்டது. கையைத் தூக்கினேன்.

புகை அடங்கியது. "எல்லாரும் இருக்காங்களா?" என்றார் மேனேஜர்.

"இருக்காங்க சார்."

அந்த மூலையில் இனிக் கல் எடுக்க வேண்டாமென்று நானே சொல்லிவைத்தேன். ரெங்கம்மாள் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல்... கடைசிப் பேர் முடிந்து நோட்டை மூடுவேன். வெடி வைத்திருக்கவே மாட்டார்கள், மருந்து வாடை வரும். பள்ளத்திலிருந்து, மெதுவாக,

"இருக்கேங்க."

ஒன்பது நாள் பொறுத்தேன். ஓடிவிட்டேன்.

ஆறு வருஷம். போன மாசம், அந்தி ஆறு மணிக்கு, அந்தத் தடத்தில் போய் நின்றேன். நோட்டு இல்லாமல், ஒருதரமாவது அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

"ஆண்டாயி..."

கல் சரியும் சத்தம்.

"இருக்கேங்க மேஸ்திரி."

போதுமென்று திரும்பினேன். வேட்டி நுனி இழுபட்டது. என் இடுப்பு உயரத்தில்... ஒரு சின்னக் குரல்.

"என் பேரக் கூப்பிடலியே?"