நாலாவது தும்மல்

ஐயையோ, ஜலதோஷமெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். எங்க வீட்டுக்காரர் சொன்னதை நம்பிடாதீங்க. காலைல தும்முனேன், அது வாஸ்தவம்தான். ஆனா அது மிளகு. ஆமா, ரசத்துக்குத் தட்டிப் போடுற மிளகேதான். ஊசியை மட்டும் திரும்பப் பெட்டிக்குள்ள வெச்சிடாதீங்க, எல்லாத்தையும் சொல்றேன். இன்னைக்கு இந்த ஃப்ளூ ஊசியைப் போட்டுக்காம நான் வீட்டுக்குப் போறதா இல்ல.

தெர்மாமீட்டரா? தாராளமா வைங்க. வாயில வேணாம், அக்குள்ல வைங்க. அப்பதான் பேச முடியும்.

வாசல்ல என் ஹேண்ட்பேகைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறாரே, வெள்ளைத் தொப்பி, அவருதான் எங்க வீட்டுக்காரர், இத்ரீஸ். இந்தப் பள்ளிவாசல் மோதினார். அடுகோடில அஞ்சு வேளையும் பாங்கு சொல்ற குரல் அவரோடதுதான். நீங்க அல்சூர்ல இருந்து வர்றீங்க, கேட்டிருக்க மாட்டீங்க. ஹோசூர் ரோட்டு ஹாரன் சத்தத்தையும் தாண்டிக் கேக்கும். அப்படிப்பட்ட குரல், போன வருஷ மழையில ஃப்ளூ வந்து படுத்தப்போ வெறும் காத்தாதான் வந்துச்சு. தண்ணி வேணும்னாக்கூட டம்ளரைத் தட்டுவாரு. அடுத்த வாரம் நானும் படுத்துட்டேன். தொழுகை முடிஞ்சா வரிசையா அத்தனை பேருக்கும் கை குடுத்து, அவங்க கிட்ட இருக்குறதையெல்லாம் வாங்கிட்டு வந்து எனக்குக் குடுப்பாரு. நகைநட்டு வாங்கித் தரலேன்னாலும் இந்த விஷயத்துல மனுஷன் குறையே வெச்சதில்ல.

அதான் இந்த வருஷம் இங்க மதரஸா ஹால்ல கேம்ப்னு தெரிஞ்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்க இமாம் ஹஜ்ரத்து வெள்ளிக்கிழமை ஜும்மாவுல அழகா சொன்னாராம். நோயைக் குடுத்த அல்லாஹ் மருந்தையும் இறக்கியிருக்கான், தேடி வைத்தியம் பண்ணிக்குங்கன்னு ரசூலுல்லா சொல்லியிருக்காங்க, தும்முனா முகத்தைத் துணியால மூடிக்குவாங்க, கொள்ளைநோய் இருக்குற ஊருக்குள்ள போகாதீங்க, அங்க இருந்து வெளிய வராதீங்கன்னு அந்தக் காலத்துலயே சொல்லி வெச்சிருக்காங்க, இதையெல்லாம் படிச்சிட்டு ஊசிக்கு ஓடி ஒளியலாமான்னு கேட்டாராம். அப்புறம் மைக்ல கேம்ப் எத்தனை மணிக்குன்னு ஊரையே கூப்பிட்டது யாருங்குறீங்க? எங்க வீட்டுக்காரரேதான்! வீட்டுக்கு வந்து, நாம எப்பங்க போறதுன்னு கேட்டா, நக்கோ, வேணவே வேணாம்னுட்டாரு. நமக்குக் கருஞ்சீரகமும் தேனும் போதுமாம். அதை நான் வேணாம்னா சொன்னேன்? டெய்லி நான்தானே குழைச்சுக் குடுக்குறேன்! அதுவும் சாப்பிடுங்க, இதுவும் போட்டுக்கங்கன்னேன்.

பயம் சிஸ்டர், வேற என்ன? ஊசின்னு சொன்னாலே வேர்த்துக் கொட்டும். அதை நான் வாய் விட்டுச் சொல்லிட்டேன். அவ்வளவுதான், பேச்சு நின்னு போச்சு. சோறு போட்டா சாப்பிடுவாரு, எந்திரிச்சுப் போயிடுவாரு. நானும் விடல. எனக்கென்ன வாய் இல்லையா, ரோஷம் இல்லையா?

ஆனா நாள் ஓடுதே. இன்னைக்கோட கேம்ப் முடியுது. காலைல மிளகு தட்டிட்டு இருந்தேன், மூக்குல ஏறிடுச்சு. தும்முனேன். அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். எங்கள்ல அது வழக்கம். அதைக் காதுல கேட்டவங்க, அல்லாஹ் உனக்கு அருள் செய்யட்டும்னு பதில் துஆ சொல்லணும். சண்டையா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும், கடமை. பேப்பரைக் கீழ எறக்காமலே சொன்னாரு. அதுக்கு நான் திருப்பி ஒண்ணு சொல்லணும். என்ன தெரியுமா? அல்லாஹ் உங்களுக்கு நேர்வழி காட்டட்டும்! வழக்கமா வாய்க்குள்ள சொல்றதை இன்னைக்கு நல்லா அழுத்தித் திருத்திச் சொன்னேன்.

பேப்பர் ஆடுச்சு. சிரிக்கிறாரு மனுஷன், காட்டிக்க மாட்டேங்குறாரு.

அப்புறம் சும்மா இருப்பேனா? உரலுக்குள்ள மூக்கை விட்டேன். ரெண்டாவது தும்மல், மூணாவது தும்மல். அவரும் துஆ பண்றாரு, நானும் நேர்வழி கேக்குறேன். நாலாவதும் வந்துச்சு. அதுக்கு அவரு பதில் சொல்லல. ஏன்னா மூணு வரைக்கும்தான் துஆ, அதுக்கு மேல போனா அது நோவுன்னு ஹதீஸ்ல இருக்கு. பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சு வந்தாரு. ஷாகிரா, இது ஜலதோஷம், கிளம்பு, டாக்டர் கிட்டப் போலாம்னாரு. அத்தனை நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு! டாக்டரு, நர்ஸு எல்லாம் நம்ம மதரஸா ஹால்லயே உக்காந்திருக்காங்களேன்னு புர்காவை மாட்டிட்டேன். பொய் சொல்லல சிஸ்டர், தும்மல் நிஜம். மிளகுன்னு சொல்லல, அவ்வளவுதான்.

நார்மலா? நான்தான் சொன்னேனே! அப்ப போட்டுடலாம்ல?

முட்டை அலர்ஜியா? அதெல்லாம் இல்ல. மாத்திரை எதுவும்… ம்ம், ஒண்ணு சாப்பிடுறேன். அடுத்த கேள்வி என்னது?

கொஞ்சம் மெதுவாக் கேளுங்க சிஸ்டர். அவருக்குக் குரல் மட்டும் இல்ல, காதும் ரொம்ப நல்லாக் கேக்கும்.

ஆமா. மூணாவது மாசம்.

பதினோரு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. போன வருஷம் அந்த ஃப்ளூவுல படுத்தேன்னு சொன்னேன்ல, அப்ப ஒண்ணு தங்கியிருந்துச்சு. நிக்கல. காய்ச்சலாலதான்னு சொல்ல முடியாது, அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. குழப்பிக்கல. ஆனா அவரு தொழுகைப் பாயிலயே உக்காந்து அழுதாரு, தொண்டைல சத்தம்கூட வரல. அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது. அதனாலதான் இந்தத் தடவை வாயே திறக்கல. தங்கச்சியோட போய் ஸ்கேன் பண்ணிட்டு வந்தேன். நேத்து துடிப்பைக் காட்டுனாங்க. டாக்டரம்மாதான் இந்த ஊசியை மாசமா இருக்கும்போது கண்டிப்பாப் போட்டுக்கணும், வீட்டுக்காரரையும் போட்டுக்கச் சொல்லுன்னாங்க. சீட்டும் குடுத்திருக்காங்க, பாருங்க.

இடது கைலயே போடுங்க. பிஸ்மில்லாஹ்.

அட, முடிஞ்சிடுச்சா? இதுக்கா இந்த மனுஷன் அந்தப் பாடு படுத்துனாரு!

இப்ப அவரைக் கூப்பிடுங்க சிஸ்டர். ஜலதோஷம்னா எனக்கு ஊசி போட மாட்டீங்கங்குற தைரியத்துல, நான் போட்டுக்கிட்டா அவரும் போட்டுக்குறேன்னு வாசப்படில வெச்சு வாக்குக் குடுத்திருக்காரு. சட்டைக் கையை நான் மடிச்சு விடுறேன். நீங்க தயாரானதும் எனக்குக் கண்ணைக் காட்டுங்க, அப்ப அவரு காதுல இந்த மூணு மாசச் சேதியைச் சொல்லிடுறேன். சத்தியமா ஊசி ஏறுனதே அவருக்குத் தெரியாது.

சிரிக்காதீங்க சிஸ்டர். வர்றாரு, வர்றாரு.