ஒற்றைச் செருப்பு

காபி ஆறிவிடும், குடித்துவிட்டே எழுதுங்கள். ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். என் கை அப்படித்தான். வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தானே வந்தீர்கள்? இருங்கள், நானே ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதில்லை. படியில் யார் ஏறினாலும் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும், அது எனக்கு ஒரு தொந்தரவு.

நீங்கள் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சார்பில் வந்திருக்கிறீர்கள். நான் சினிமாக்காரன் இல்லை, பாட்டுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். பெய்ரூத்தில் டாக்சியிலும் கல்யாண வீட்டிலும் ஓடுகிற பாட்டுகளில் பாதி என் கையால் போனவை. பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அது. நீங்கள் கேட்பது நைலா பாடிய அந்த ஒரு பாட்டைப் பற்றி. எந்தக் கதவைத் திறந்தாலும் நீ நிற்க வேண்டும் என்று காதலனைப் பார்த்துப் பாடுகிற சாதாரணப் பாட்டு. கடைசியில் ஒரு கிழவி கதவைத் திறக்கிறாள், அந்த முகம் பதினோரு விநாடி நிற்கிறது. நாலு கோடிப் பேர் பார்த்தார்கள் என்றால் அந்தப் பதினோரு விநாடிக்காகத்தான்.

போன மாதம் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாக வைத்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போவதற்குள் பலகையில் எல்லாம் எழுதியாகிவிட்டது. கதவு என்றால் எல்லை. அடுப்பில் கொதிக்கிற கெட்டில் என்றால் பொறுமை. கிழவியின் வெறுங்கால் என்றால் பறிபோன மண். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் லமீஸ் என்று ஒரு மாணவி எழுந்தாள்.

“உஸ்தாத் அக்ரம், கிழவி நடந்து வர்றப்ப ரெண்டு கால்லயும் செருப்பு இருக்கு. கதவத் திறக்கறப்ப ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க போச்சு?”

“அதுதாம்மா உருவகம்.”

“உருவகமா, இல்ல நீங்க கவனிக்காம விட்டதா?”

“கவனிக்காம விடுறவன் படத்தப் பாக்க நாலு கோடிப் பேர் வருவாங்களா?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள்தான் இந்தக் கட்டடத்தைத் தேடி வந்து, படியில் உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சுக் கொடுத்து, பிறகு உங்களிடம் வந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்.

செருப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மூன்று நடிகைகளை வைத்துப் பார்த்தேன். அழச் சொன்னால் அழுதார்கள். அழுகையை வைத்து நான் என்ன செய்ய? அழுகிறவளைப் பார்த்து ஜனம் ஒரு ‘உச்’ கொட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். மனசைப் பிடித்து உலுக்குவது அதற்கு முந்தின கணம். நம்பலாமா கூடாதா என்று முகம் தடுமாறுகிற இடம். அதை யாராலும் நடிக்க முடியாது. ஆகவே கீழ்த்தெருவில் இருந்த உம்மு சுஹைலைக் கூட்டி வந்தேன். மூத்த மகன் பெயரால் ‘சுஹைலின் தாய்’ என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. சுஹைல் உள்நாட்டுச் சண்டை நடந்த எண்பத்தாறில், பத்தொன்பது வயதில், ஒரு சோதனைச் சாவடியில் டாக்சியிலிருந்து இறக்கப்பட்டவன். அப்புறம் தகவல் இல்லை. உங்கள் பட்டியலில் இருப்பான்.

காமிராவை இதே வீட்டில், அந்த உள்ளறையில் வைத்தோம். அவர் நடைவழியில் நடந்து வருவதை முதலில் எடுத்து முடித்தோம். பிறகு பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“உம்மு சுஹைல், சுஹைல் வந்திருக்கான். உள்ள ரூம்ல இருக்கான்.”

“எந்த சுஹைல்?” என்றார்.

“ஒங்க சுஹைல்.”

கதவைத் திறந்தார். முகம் நான் நினைத்ததைவிட நன்றாக வந்தது. ஆனால் ஃபோகஸ் விழவில்லை. காமிராக்காரன் கையைப் பிசைந்தான். இதற்குள் அவர் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறார், அலமாரியைத் திறந்து பார்க்கிறார். லைட்டைப் பார்த்துப் பயந்து பின்படி வழியாக இறங்கிவிட்டான் என்றேன். எழுபது வயசில் அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செருப்பு படியில் கழன்றது அப்போதுதான். தெருவில் இருபது நிமிஷம் தேடினார். எங்களுக்கு ஃபோகஸைச் சரிசெய்ய அது போதுமாக இருந்தது. பிறகு பால்கனியிலிருந்து கூப்பிட்டேன், மேலே வந்துவிட்டான் என்று.

நீங்கள் பார்த்தது இரண்டாவது டேக்.

ஒரு நிமிஷம். படியில் யாரோ... இல்லை, கீழ் வீட்டுக்காரர். ஜன்னலைச் சாத்தினால் உங்களுக்குப் புழுங்குமா?

ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை எப்படி நம்புவார் என்று நீங்களே யோசியுங்கள். தெரிந்துதான் திறந்திருப்பார், எனக்காக நடித்துக் கொடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நல்ல நடிகை என்று வகுப்பிலும் சொன்னேன். அன்று போகும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

“வெக்கப்படுறான் போல. இத்தன வருஷமாச்சுல்ல. நான் பாக்கலன்னாலும் பரவால்ல தம்பி, பசியோட மட்டும் விட்றாத.”

அவனைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கொஞ்ச நாள் என் வீட்டிலேயே இருக்கட்டும், யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். வேறென்ன சொல்ல முடியும் அந்த நேரத்தில்.

வெள்ளிக்கிழமைதோறும் தட்டு வருகிறது. மூன்று வருஷமாகிறது. வாசலில் வைத்துவிட்டு நாலு படி கீழே போய் உட்கார்ந்துகொள்வார், தன்னைப் பார்த்து அவன் கூசக் கூடாதென்று. ஒரு மணி நேரம் கழித்து ஏறி வந்து காலித் தட்டை எடுத்துப் போவார். கறியும் அரிசியும் அடைத்த கத்தரிக்காய், சில வாரம் கோழிச் சோறு. முதல் தடவை அதைத் தொடாமல் விட்டேன். அவர் தட்டைப் பார்த்த பார்வையைக் கதவுத் துவாரம் வழியாகப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து சாப்பிட்டுவிடுகிறேன்.

அந்த அறையில் யாரும் இருந்ததில்லை, சுஹைல் வரவே இல்லை என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். என் கையெழுத்தோடு அவரிடம் காட்ட வேண்டும், அவர் இனியாவது படியில் உட்காராமல் மகனுக்காக அழுது முடிக்க வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். எழுதியதில் ஒரு வரி பொய் இல்லை. போடுகிறேன்.

ஆனால் நாளைக்கு வெள்ளி. இந்த வாரம் கோழிச் சோறு என்று சொல்லியிருக்கிறார், காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். அதனால் சனிக்கிழமை வாருங்கள். போன வாரமும் உங்கள் ஆள் வேறொருவரிடம் இதையேதான் சொன்னேன் என்று லமீஸ் சொல்லியிருப்பாள், அவளுக்குப் புரியாது. அவர் சோற்றில் வழக்கப்படி பாதாம் தூவுவார். சுஹைல் சின்ன வயசிலிருந்தே பாதாமைத் தொடமாட்டானாம். எனக்குப் பாதாம் என்றால் உயிர், ஆனாலும் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறேன். இவ்வளவு அக்கறையாக அந்தத் தாய்க்கு வேறு யார் செய்வார்கள், சொல்லுங்கள்.