சுண்டெலியை வலிக்காமல் பிடித்த விதம்

எனக்கு எலி என்றால் பயம் கிடையாது, தலைவரே. பதினாறு வயதிலிருந்து கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். எலியைப் பார்த்து ஓடுகிறவனுக்கு அங்கே வேலையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏதோ பயத்தில் செய்துவிட்டான் என்று யாரும் எனக்குப் பரிந்து பேச வேண்டாம்.

"உண்மையை முழுசா உங்ககிட்ட ஒத்துக்கட்டும், அப்புறம்தான் அந்த மனுசன்கிட்ட வாயத் திறப்பேன்" என்று என் வீட்டுக்காரி சொன்னாளாமே. எங்கள் கல்யாணத்தை முடித்து வைத்த சங்கத் தலைவர் நீங்கள், உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆறு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொள்கிறேன். சத்தம் நாளுக்கு நாள் கூடுகிறது.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், தையற்காரர். வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தகரப் பெட்டியோடு வந்தார். மூன்று மாதம் ஆனது. நல்ல மனுஷர். உள்ளறையில் என் கட்டிலில் அவர் படுத்தார், நான் கூடத்துத் தரையில் படுத்தேன். சுமை தூக்குகிற முதுகுக்குத் தரைதான் நல்லது என்று அவரே சொன்னார். "மாப்ள, மூட்டைய முதுகால தூக்கக் கூடாது, மூளையால தூக்கணும்" என்றும் சொன்னார். கத்தரிக்கோலுக்கு மேல் கனமான எதையும் அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. அதனால் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபமெல்லாம் இல்லை.

அப்போதுதான் சுண்டெலி வந்தது. மச்சான் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு, "ஒண்ணு அது போகணும், இல்ல நான் போகணும்" என்றார்.

நான் காதில் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

மருந்து வைக்கலாமா என்றேன். "பாவங்க, அதுவும் ஒரு உசுருதானே. கூண்டு வெச்சுப் புடிச்சு, வலிக்காம கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றாள் வீட்டுக்காரி. கூண்டு வாங்கினேன். ஒரு ரொட்டித் துண்டுக்கு மறுநாள் காலையிலேயே விழுந்தது. ரயில் பாதை தாண்டிப் புதர்க்காட்டில் கதவைத் திறந்துவிட்டேன். அது வெளியே வரவில்லை. மூலையில் ஒண்டிக்கொண்டு என்னையே பார்த்தது. மேலே பருந்து சுற்றியது. ஒதுங்க இடமில்லாத ஒரு ஜீவனை இப்படி அத்துவானத்தில் விடுவது மனுஷன் செய்கிற காரியமா என்று யோசித்தேன். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் எங்கே விடுவது என்று பார்த்தபோது, உள்ளறைதான் காற்றோட்டமாக இருந்தது.

மறுநாள் மறுபடி விழுந்தது. மறுபடி விட்டேன். இப்படிப் பதினோரு தடவை. முதலில் அறை மூலையில். பிறகு கட்டிலுக்கு அடியில். பிறகு மச்சான் மடித்து வைத்திருந்த கால்சட்டைக்குள், அங்கே கதகதப்பாக இருக்கும். தூக்கமில்லாமல் மச்சான் இளைத்தார். நான் போட்ட பிஸ்கட்டில் எலி பெருத்தது. மொத்தத்தில் அந்த அறையின் எடை மாறவில்லை.

"இந்த வீட்ல நூறு எலியாவது இருக்கும் மாப்ள."

"தினமும் ஒண்ணு புடிச்சிட்டுத்தான இருக்கேன் மச்சான்" என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

தொழில் பழக்கம்தான் காட்டிக்கொடுத்தது. லாரியிலிருந்து இறக்கிய மூட்டையில் கட்டைவிரலால் நீல மையைத் தீற்றுவோமே, தூக்கியதையே இன்னொருவன் மறுபடி தூக்கக் கூடாதென்று. மை டப்பி எப்போதும் என் சட்டைப்பையில் கிடக்கும். எதையாவது தூக்கி இறக்கினால் கை தன்பாட்டுக்குத் தீற்றிவிடும். பதினோரு தடவையும் தீற்றியிருக்கிறது. எனக்கு உறைக்கவேயில்லை. மச்சானோ எலியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்கிறவர். பதினோராவது நாள் வீட்டுக்காரி தலையணை உறையை உதறினாள். அவள் மடியில் விழுந்த எலி காதிலிருந்து வால்வரை நீலமாக இருந்தது.

அவள் எலியைப் பார்த்தாள். என் கட்டைவிரலைப் பார்த்தாள். "விட்டுட்டு வாங்கன்னு சொன்னேனே, எங்கங்க விட்டீங்க?" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

"மாப்ள, நீங்களா?" என்றார் கட்டில்மேல் நின்ற மச்சான். அதுவரை என்னை வா, போ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே, கூரை அரைகுறையாகக் கிடந்த தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முழுசாகச் சொல் என்றீர்கள், சொல்கிறேன். அவர் முகம் கழுவப் போன நேரத்தில் பெட்டியை அடுக்கியது நான். ஓடிய எலி வழக்கம்போல அவர் கால்சட்டைக்குள்தான் இருந்தது. சுருட்டி அப்படியே உள்ளே வைத்தேன். மூச்சு முட்டுமே என்று பெட்டியின் ஓரத்தில் ஆணியால் இரண்டு துளை போட்டேன். வழிக்கு இரண்டு பிஸ்கட். பதினோரு நாள் ஒரே அறையில் இருந்தவர்களைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், அங்கே எலித் தொல்லை தாங்க முடியவில்லையாம், மச்சான் இன்று சாயங்காலமே பெட்டியோடு வருகிறாராம், இனி இங்கேயேதானாம். வரட்டும், தலைவரே. நான் திருந்திவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். பெட்டியை நானே இறக்கி வைக்கிறேன். அந்தச் சுண்டெலி ஒருவேளை உள்ளேயே இருந்தால், அலைச்சலில் களைத்துப்போயிருக்கும். இரண்டு நாள் மச்சான் அறையில் படுத்து எழுந்து போகட்டும்.