ஹாலில் விழ வேண்டிய மரம்

ஐயாக்கண்ணு: மரம் விழுந்தாப்புல போடணும் அம்மணி. இந்தச் சோபா மேலயே விழட்டும்.

கமலா: எந்த மரமுங்க?

ஐயாக்கண்ணு: சில்வர் ஓக்கு. நம்ம மலையில, நாகலூர்ல வேற எது விழும்?

கமலா: இருங்க... மூணு மாசம் முன்னால இந்த ஹாலை நான்தான் உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தேன். கட்டி முடிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்னீங்க. இன்னும் கட்டவே இல்லை, அதுக்குள்ள இடிக்கச் சொல்றீங்களே.

ஐயாக்கண்ணு: கட்டாம என்ன? சன்னல் மட்டத்துக்கு வந்திருச்சு.

கமலா: அப்ப மரம் விழுந்தா நேரா மண்ணுலதானுங்க விழும்.

ஐயாக்கண்ணு: அதனாலதான் படத்துல விழச் சொல்றேன்.

கமலா: எதுக்குங்க?

ஐயாக்கண்ணு: அது... இன்சூரன்சுக்கு.

கமலா: கட்டாத ஊட்டுக்கு யாருங்க இன்சூரன்ஸ் குடுத்தாங்க?

ஐயாக்கண்ணு: நீ நொம்பக் கேள்வி கேக்கறே.

கமலா: கேக்காமப் போட்டா மரம் தப்பா விழுந்துருமுங்க. வெயில் எந்தப் பக்கம், நெழல் எந்தப் பக்கம்னு எல்லாஞ் சொல்லணும். அதுக்கப்பறம் ஒரு படம் வெளிய வர இந்தக் கம்ப்யூட்டர் எட்டு மணி நேரம் ஓடும். ஏழாவது மணியில கரண்டு போனா மறுபடி மொதல்ல இருந்து.

ஐயாக்கண்ணு: சரி, சொல்றேன். இந்த ஒண்டிக்கடை முக்கைத் தாண்டிப் போகக்கூடாது. எம்பையன் கல்யாண விசயம்.

கமலா: ...சொல்லுங்க.

ஐயாக்கண்ணு: நீ குடுத்த படத்தை எங்க கடையில கல்லாவுக்கு மேல ஒட்டி வெச்சிருந்தேன். தரகர் பெரியசாமி வந்தாரு. "அட, ஊடு முடிஞ்சிருச்சா, போட்டோ நல்லா விழுந்திருக்கே"ன்னாரு.

கமலா: இல்லீங்க, வெறும் படந்தான்னு சொல்லலையா?

ஐயாக்கண்ணு: சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள ஒருத்தர் அரைக்கிலோ மிளகு கேட்டாரு. நிறுத்துக் குடுத்துட்டுத் திரும்பறேன், தரகரையும் காணோம், படத்தையும் காணோம்.

கமலா: அப்பறமாச்சும்...

ஐயாக்கண்ணு: அப்பறம் பொண்ணூட்டுல ஜாதகம் குடுத்துட்டாங்கன்னு வந்து நிக்கறாரு. எப்படி அம்மணி சொல்றது? மலை மேல பொண்ணு குடுக்க மாட்டோம்னு இதுவரைக்கும் எட்டு எடம் தட்டிப் போச்சு. ஒருத்தரு பன்னெண்டாவது வளைவுல வாந்தி எடுத்தவரு, அங்கிருந்தே கீழ திரும்பிட்டாரு.

கமலா: பாவமுங்க.

ஐயாக்கண்ணு: இந்த எடந்தான் தகையிற மாதிரி இருக்கு. தரகரு வேற, அந்தச் சோபாவுல தானே உக்காந்து காப்பி குடிச்சதாச் சொல்லி வெச்சிருக்காரு.

கமலா: மெத்துமெத்துன்னு இருந்துச்சாமா?

ஐயாக்கண்ணு: சிரிக்காதே கண்ணு. வர்ற வெள்ளிக்கிழமை ஊடு பாக்க வர்றாங்க. ஊட்டைப் பாத்தப்பறந்தான் பொண்ணையே காட்டுவாங்களாம். அந்த வேலுசாமி நொம்பக் கறாரு.

கமலா: வேலுசாமிங்களா?

ஐயாக்கண்ணு: பொண்ணோட அப்பன். சேலத்து ஆளு. செவுத்தைத் தட்டிப் பாத்தே சிமெண்டுல எத்தனை மண்ணு கலந்ததுன்னு சொல்லிப்போடுவாராம்.

கமலா: ஆமாங்க... அந்த மாதிரி ஆளுங்க இருக்கத்தான் செய்யறாங்க. பொண்ணு பேரென்னங்க?

ஐயாக்கண்ணு: அதெல்லாம் எம்பொண்டாட்டிக்குத்தான் தெரியும். ஏதோ ஆபீசுல வேலையாம். நீ மரத்தைப் போடு. கட்டி முடிச்ச ஊடு மரம் விழுந்து இடிஞ்சிருச்சுன்னு காட்டிப்போடறேன்.

கமலா: சோபா மேல விழணும்னா மேல தளம் பொளந்திருக்கணுமே.

ஐயாக்கண்ணு: பொளந்துரு.

கமலா: பொளந்தா வெளிச்சம் மேல இருந்து எறங்கும். தரையில இப்ப இருக்கற சன்னல் வெயிலு இப்படி இருக்காது. கண்ணாடி பீரோவுல மரம் தெரியணும், எலை தெரியணும்...

ஐயாக்கண்ணு: எலையெல்லாம் எதுக்கு. மொட்டை மரம் போதும்.

கமலா: மொட்டை மரத்தைக் காத்து தள்ளாதுங்க. சரி, மரம் விழுந்தாலும் பாதி ஊடாச்சும் நிக்குமில்ல? வெள்ளிக்கிழமை அவரு வந்து பாத்தா சன்னலுக்கு மேல ஒரு செங்கல்லு கூட இருக்காது. பீரோ எங்கேம்பாரு, சோபா எங்கேம்பாரு.

ஐயாக்கண்ணு: கொரங்கு தூக்கிட்டுப் போயிருச்சும்பேன்.

கமலா: சோபாவையா?

ஐயாக்கண்ணு: ...சோபா கொஞ்சம் சிரமந்தான்.

கமலா: உங்க பையன் என்னங்க சொல்றாரு இதுக்கு?

ஐயாக்கண்ணு: சின்னத்தம்பியா? எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரா இருந்து என்ன, பொழைக்கத் தெரியாதவன். நேராப் போய் உண்மையைச் சொல்லிப்போடலாம், குடுக்கறதுன்னா குடுக்கட்டும்ங்கறான்.

கமலா: ...அப்படியா சொன்னாரு.

ஐயாக்கண்ணு: நேத்து பஸ்ஸே ஏறிட்டான். நான்தான் கையப் புடிச்சு எறக்கிக் கூட்டியாந்தேன்.

கமலா: அன்னைக்குப் படம் வாங்க வந்தப்ப, அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல ஏன் செவுரு இல்லைன்னு கேட்டாரு. சமைக்கறவங்க தனியா நிக்க வேண்டாமேன்னேன். அதுவும் சரிதான்னாரு.

ஐயாக்கண்ணு: அந்தச் செவுத்தை எடுக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லையே?

கமலா: நீங்கதான் எப்படியோ போடுன்னுட்டுப் போனீங்க. எனக்குப் புடிச்ச மாதிரி போட்டேனுங்க.

ஐயாக்கண்ணு: போகட்டும். மரம் போடுவியா, மாட்டியா?

கமலா: மாட்டேனுங்க.

ஐயாக்கண்ணு: இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே பொண்ணே பாக்க வேண்டாம்னுட்டான் அம்மணி. எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது.

கமலா: அதுக்குத்தான் சொல்றேன். உங்க பையனையே அனுப்புங்க. நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். பொங்கலுக்குள்ள கட்டி முடிச்சுருவோம்னு சொல்லட்டும்.

ஐயாக்கண்ணு: வேலுசாமி முடியாதுன்னுட்டா?

கமலா: மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு, ரெண்டு நாளைக்கு. பொண்ணு சரின்னா அவரும் சரின்னுருவாரு.

ஐயாக்கண்ணு: பொண்ணு சரிங்கும்னு உனக்கு யாரு சொன்னா?

கமலா: தரகர் தூக்கிட்டுப் போன அந்தப் படம் இப்ப எங்க ஊட்டு டிவி மேலதாங்க இருக்குது. எங்கப்பா வர்றவங்ககிட்டயெல்லாம் எம்பொண்ணு போகப்போற ஊடுன்னு காட்டிட்டு இருக்காரு. அதைப் போட்டதே நான்தான்னு சொல்ல, ஒரு மாசமா எனக்கும் வாய் வரல... சொன்னா எங்க வேண்டாம்னுருவாரோன்னு பயம். நீங்க மொதல்ல உங்க பையனை அனுப்பி வைங்க மாமா.